மூணு கோட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற தமிழ்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன மாசம் வீட்டுல நடந்த ஒரு சம்பவத்துக்கு அப்புறம், இனிமேலும் எழுதாம இருந்தா மனசாட்சி சும்மா விடாதுன்னு தோணிச்சு.

டிஸ்கி: இது ஒரு வலைத்தளத்துல மெனுவை எங்க வைக்கணும்ங்கறதைப் பத்தின பதிவு. பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம். நிரல் ஒரு வரி கூட கிடையாது. :-)

முதல்ல சம்பவம்.

எங்கப்பா ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில லேத்ல நின்னே முப்பது வருஷத்துக்கு மேல ஓட்டினவர். இப்ப ரிட்டயர் ஆகி திருமுல்லைவாயல் வீட்டுல இருக்கார். தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்க டெண்டர் விளம்பரம் வரைக்கும் விடாமப் படிப்பார். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனா அதுல அவருக்கு நம்பிக்கை கிடையாது. "தப்பா எதையாவது அமுக்கிட்டா?"ங்கற பயம்.

எங்க கம்பெனி ஒரு சேவை நிறுவனத்துக்குத் தளம் பண்ணிக் குடுத்திருக்கு. பேர் வேணாம், வேலை போயிடும். அதுல ஒரு பகுதி நான் பார்க்கிறது. "இது நான் பண்ணினதுப்பா"ன்னு பெருமையா அப்பா போன்ல காட்டி, எப்படிப் பயன்படுத்தறதுன்னும் சொல்லிக் குடுத்திருந்தேன். அவரும் மாசாமாசம் அதுல பணம் கட்டிக்கிட்டு இருந்தார். தமிழ்லதான்.

போன மாசம் போனைத் தூக்கிக்கிட்டு வந்தார்.

"ஏண்டா தம்பி, இதுல முன்னாடி தமிழ் இருந்துச்சே. எடுத்துட்டாங்களா?"

"எடுக்கலப்பா. மேல இடது ஓரத்துல மூணு கோடு இருக்கு பாருங்க, அதைத் தொடுங்க."

"எந்தக் கோடு? இதுவா? இது சும்மா டிசைனுக்குப் போட்டதுன்னுல்ல நினைச்சேன்."

தொட்டார். திரையில பாதியை மூடிக்கிட்டு ஒரு பட்டியல் வந்துச்சு. பன்னெண்டு வரி. பதினோராவது வரியில, இங்கிலீஷ் எழுத்துல 'லாங்குவேஜ்'னு இருந்துச்சு. அதைத் தொட்டா இன்னொரு பட்டியல். அதுல தமிழ்.

"இவ்வளவு உள்ள கொண்டுபோய் யாருடா வச்சது?"

நான்தான் வச்சேன்னு சொல்ல வாய் வரல. ஆனா நான்தான் வச்சேன்.

அது எப்படி நடந்துச்சுன்னு சொல்றேன். முன்னாடி அந்தத் தளத்துல எல்லாப் பக்கத்துலயும் மேல வலது மூலையில 'தமிழ்'னு ஒரே ஒரு வார்த்தை இருந்துச்சு. ஒரு மீட்டிங்ல மேனேஜர் புள்ளிவிவரத்தைத் திரையில போட்டார். எந்தெந்தப் பொத்தானை எத்தனை பேர் தொடறாங்கன்னு. தமிழ்ங்கறதைத் தொட்டவங்க ரொம்பக் கம்மி. "இவ்வளவு கம்மியா தொடற ஒரு விஷயத்துக்கு இவ்வளவு நல்ல இடமா? உள்ள தள்ளு"ன்னார். லாஜிக் சரியாத்தானே இருக்கு? நானும் தலையாட்டிட்டு, ஒரே சாயங்காலத்துல மூணு கோட்டுக்குள்ள தள்ளிட்டேன்.

ஆறு மாசம் கழிச்சு அதே மீட்டிங், அதே புள்ளிவிவரம். தமிழைத் தொடறவங்க இன்னும் குறைஞ்சு போயிருந்தாங்க. இப்ப வந்த கேள்வி: "யாரும் தமிழ்ல படிக்கிறதே இல்லையே, அப்புறம் எதுக்குத் தமிழ்ப் பதிப்பு? ஒவ்வொரு தடவையும் மொழிபெயர்ப்புச் செலவு வேற."

நல்லா கவனிங்க மக்களே. ஒளிச்சு வச்சோம். கண்டுபிடிக்க முடியாதவங்க வரல. வரலைங்கறதையே காரணமாக் காட்டி மூடப் பார்க்கிறோம். அப்பா போனோட வந்து நின்னது இந்த ரெண்டாவது மீட்டிங் முடிஞ்ச அதே வாரம். புள்ளிவிவரத்துல 'தமிழைத் தொடாதவர்'னு ஒரு எண்ணா இருந்தவர், நிஜத்துல தமிழைத் தேடிக் கிடைக்காம நின்ன எங்கப்பா.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். மெனுங்கறது தொடறதுக்கான பொத்தான் மட்டும் இல்ல, இங்க என்னென்ன இருக்குன்னு சொல்ற அறிவிப்புப் பலகையும் அதுதான். எத்தனை பேர் தொட்டாங்கன்னு மட்டும் எண்ணி அதுக்கு இடம் குடுக்கக் கூடாது.

சாப்பாட்டுக் கடை உதாரணம் சொன்னா சட்டுனு புரியும். நம்ம ஊர் டிபன் கடையில உட்கார்ந்ததும் சப்ளையர் வந்து ஒரே மூச்சுல "இட்லி, பொங்கல், வடை, பூரி, தோசை, ஊத்தப்பம், கிச்சடி"ன்னு ஒப்பிப்பார். நாம கடைசியில ரெண்டு இட்லிதான் சொல்லுவோம். அதுக்காக மத்தது எல்லாம் வீண்னு அர்த்தமா? இன்னைக்குக் கிச்சடி இருக்குன்னு காதுல விழுந்ததாலதான் அடுத்த வாரம் கிச்சடி கேக்கறோம். அதே சப்ளையர் ஒண்ணும் சொல்லாம கையைக் கட்டிக்கிட்டு நின்னா என்ன கேப்போம்? இட்லிதான் கேப்போம். மாசக் கடைசியில முதலாளி கணக்குப் பார்த்துட்டு, "கிச்சடி ஓடல, நிறுத்திடு"ம்பார். மூணு கோட்டு மெனுங்கறது அந்த வாய் திறக்காத சப்ளையர்தான்.

இது நானா கண்டுபிடிச்ச தத்துவம் இல்ல. பெரிய இடத்துல ஏற்கெனவே நடந்திருக்கு. 2010-ல விக்கிபீடியா தன்னோட தோற்றத்தை மாத்துச்சு. 2004-ல இருந்து இருந்த 'மோனோபுக்' போய் 'வெக்டர்'னு புதுசு வந்துச்சு. பழசுல இடது பக்கப் பட்டையில, அந்தக் கட்டுரை வேற எந்தெந்த மொழியில எல்லாம் இருக்குன்னு ஒரு நீளப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு மொழியும் அதோட சொந்த எழுத்துலயே. இங்கிலீஷ்ல எதையோ தேடிப் போனவன், அந்த வரிசையில 'தமிழ்'ங்கற எழுத்தைப் பார்த்து "அட, இது தமிழ்லயும் இருக்கா?"ன்னு உள்ள போவான். புதுத் தோற்றத்துல அந்தப் பட்டியலைச் சுருட்டி மூடி வச்சாங்க. காரணம்? அளந்து பார்த்ததுல அதைத் தொடறவங்க சுமார் ஒரு சதவீதம்தான்னு தெரிஞ்சதாம். எங்க மேனேஜர் சொன்ன அதே லாஜிக்!

பல மொழி விக்கிபீடியர்கள் சண்டைக்கு வந்துட்டாங்க. விக்கிபீடியா அளவுக்கு ஒரு சதவீதம்ங்கறதே சின்னக் கூட்டம் இல்லைங்கறது ஒரு வாதம். அதை விட முக்கியமான வாதம், அந்தப் பட்டியல் அங்க தெரியறதே ஒரு சேதிங்கறது. இந்த அறிவுக் களஞ்சியம் ஒரே மொழிக்கானது இல்லைன்னு தொடாதவனுக்கும் அது சொல்லிக்கிட்டே இருக்கு. கொஞ்ச வாரத்துலயே பட்டியலைத் திரும்ப விரிச்சு வச்சுட்டாங்க.

தமிழ் விக்கிபீடியா 2003-ல ஆரம்பிச்சது. இப்ப 1.5 லட்சத்துக்கும் மேல கட்டுரைகள் இருக்கு. ஒவ்வொண்ணும் யாரோ சம்பளம் வாங்காம உட்கார்ந்து எழுதினது. அந்தக் கட்டுரைக்கு வாசல் எதுன்னு கேட்டா, கூகுளுக்கு அடுத்தபடியா இங்கிலீஷ் கட்டுரையில தெரியற 'தமிழ்'ங்கற அந்த ஒரு வார்த்தைன்னுதான் நான் சொல்லுவேன். 2023 ஜனவரியில இங்கிலீஷ் விக்கிபீடியா 'வெக்டர் 2022' தோற்றத்துக்கு மாறினப்ப, இந்த மொழிப் பட்டியல் இடது பட்டையில இருந்து கிளம்பி, கட்டுரைத் தலைப்புக்கு எதிர்ல வலது பக்கம் ஒரு பொத்தானுக்குள்ள போயிடுச்சு. இத்தனை மொழிகள்னு எண்ணிக்கை மட்டும் வெளியில தெரியும். இடம் நல்ல இடம்தான், தலைப்பைப் பார்க்கிற எவன் கண்ணுலயும் படும். ஆனா 'தமிழ்'ங்கற எழுத்து வெளியில இல்ல, ஒரு எண்தான் இருக்கு. எண்ணைப் பார்த்து யாருக்கும் "அட!"ன்னு தோணாது. இது என் தனிப்பட்ட வயித்தெரிச்சல்.

சரி, இந்த மூணு கோடு எங்கிருந்து வந்துச்சு? 1981-ல வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ்ங்கற வடிவமைப்பாளர் வரைஞ்சது. வரிசையா இருக்கிற பட்டியல் மாதிரியே ஒரு படம். அப்புறம் ரொம்ப வருஷம் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. 2010 வாக்குல ஸ்மார்ட்போன் பரவினதும், "ஒரே தளம் எல்லாத் திரையிலயும் பொருந்தணும்"ங்கற பேச்சு வந்துச்சு. ஈத்தன் மார்கோட் அந்த வருஷம் எழுதின கட்டுரைதான் அதுக்குப் பேர் வச்சது. பெரிய திரையில விரிஞ்சு கிடந்த மெனுவைச் சின்னத் திரையில எங்க வைக்கிறதுன்னு முழிச்சவங்களுக்கு, இந்த மூணு கோடு குலசாமி மாதிரி கிடைச்சுது. எதை எங்க வைக்கணும்னு யோசிக்கவே வேணாம், எல்லாத்தையும் உள்ள போட்டு மூடிடலாம். பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்றேன்னு எல்லாச் சாமானையும் பரண்ல தூக்கிப் போடற மாதிரி. கூடம் பளிச்னு இருக்கும். ஆனா சல்லடை எங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

போன் மட்டும்னா கூடப் பொறுத்துக்கலாம். பார்க்க 'மாடர்னா' இருக்குன்னு பெரிய திரைக்கும் கொண்டுவந்துட்டாங்க. பதினஞ்சு இன்ச் லேப்டாப்ல வயல் மாதிரி இடம் கிடக்கு. ஓரத்துல மூணு கோடு. ஏன் சாமி?

2016-ல நீல்சன் நார்மன் குழுமம் இதைச் சோதிச்சுப் பார்த்துச்சு. 179 பேர், 6 தளங்கள். பெரிய திரையில மெனு மறைஞ்சிருந்தா 27 சதவீதம் சந்தர்ப்பங்கள்லதான் மக்கள் அதைப் பயன்படுத்தினாங்க. வெளியில தெரிஞ்சா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. போன்ல மொத்தமா மறைச்சா 57 சதவீதம். முக்கியமான சிலதை வெளியில விட்டு மிச்சத்தை உள்ள வச்சா 86 சதவீதம். அந்தக் கடைசி எண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

"இப்பல்லாம் மூணு கோடுன்னா மெனுன்னு எல்லாருக்கும் தெரியும்பா"ன்னு எங்க டீம்ல ஒரு தம்பி சண்டை போட்டான். உண்மைதான், அவன் வயசுக்கு. ஆனா கதவுன்னு தெரியறது வேற, அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியறது வேற. தெரியாத கதவை வேலை மெனக்கெட்டு யார் திறந்து பார்ப்பாங்க?

இப்ப இடத்துக்கு வருவோம். மெனுவை மேல வைக்கணுமா, இடது பக்கமா, வலது பக்கமா, கீழயா? என் பதிலை அஞ்சா பிரிச்சு எழுதறேன். எல்லாம் நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது.

1. எங்க வச்சாலும் எல்லாப் பக்கத்துலயும் அதே இடம்.

காலேஜ் படிக்கும்போது தினமும் மின்சார ரயில். திருமுல்லைவாயல்ல ஏறினா அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர்னு போய் சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்ல இறங்கணும். அங்க தண்டவாளம் முடிஞ்சுடும், வாசல் அந்த முனையிலதான். அதனால விவரம் தெரிஞ்சவன் முன் பெட்டியில ஏறுவான். வண்டி நின்னதும் ஓட வேணாம், பத்து அடியில வாசல். யாரும் போர்டு வச்சுச் சொல்லித் தரல, காலே பழகிக்கிச்சு. ஒரு நாள் வாசலை வால் பக்கம் மாத்திட்டா என்ன ஆகும்? மொத்தக் கூட்டமும் தடுமாறும்.

மெனுவும் அப்படித்தான். முகப்புல மேல, உள்பக்கத்துல இடது, பணம் கட்டற பக்கத்துல காணோம்னு விளையாடக் கூடாது. எல்லாருக்கும் எட்டக்கூடிய வலைன்னு உலகம் முழுக்கப் பின்பற்றற டபிள்யூசிஏஜி நெறிகள்ல 2008-லயே இது ஒரு விதி. திரும்பத் திரும்ப வர்ற மெனு ஒரே வரிசையில வரணும். நம்ம நாட்டு அரசுத் தளங்களுக்குன்னு 2009-ல முதல்ல வந்து, 2023-ல மூணாவது பதிப்பு கண்ட ஜிஐஜிடபிள்யூ வழிகாட்டியும் இந்த நெறிகளைத்தான் அடிப்படையா வச்சிருக்கு. ஏட்டுல எல்லாம் இருக்கு!

2. பெரிய திரையில தமிழுக்கு இடது பக்கச் செங்குத்துப் பட்டை நல்லது.

இது பலபேர் ஒத்துக்க மாட்டீங்க. மேல படுக்கை வசமா போடறதுதான் ஃபேஷன். ஆனா யோசிங்க. இங்கிலீஷ்ல 'ஹோம், அபவுட், லாகின்'னா எழுத்து கொஞ்சம்தான். தமிழ்ல முகப்பு, எங்களைப் பற்றி, உள்நுழைக. அரசுத் தளம்னா கேக்கவே வேணாம், 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்'. படம் வரையறவர் இங்கிலீஷ்ல வரைஞ்சு ஒப்புதல் வாங்கிடுவார். கடைசி வாரம் தமிழைக் கொண்டுவந்து ஊத்துவாங்க. ரெண்டாவது வரிக்கு வழியும். உடனே எழுத்தைப் பொடியாக்குவாங்க, இல்ல மூணு கோட்டுக்குள்ள தள்ளுவாங்க. உயரத்தையும் இங்கிலீஷுக்குன்னு கணக்குப் பண்ணியிருப்பாங்க. அதனால மேல 'கி'யோட கொக்கி வெட்டுப்படும், கீழ 'கூ'வோட சுழி வெட்டுப்படும்.

செங்குத்துப் பட்டையில இந்தத் தொல்லை இல்ல. வார்த்தை நீளமா இருந்தா அடுத்த வரிக்கு மடங்கும், ஒண்ணும் குடி முழுகாது. இன்னும் ரெண்டு சேர்க்கணும்னா கீழ இடம் இருக்கு. நாம இடமிருந்து வலம் படிக்கிறவங்க, கண்ணு ஒவ்வொரு வரிக்கும் இடது பக்கம்தான் திரும்புது. (உருது, அரபித் தளங்கள்ல இதே பட்டை வலது பக்கம் வரும்.) அஞ்சுக்குக் கீழதான் தலைப்புன்னா, தாராளமா மேல வச்சுக்கங்க. ஆனா எதுவா இருந்தாலும் முதல்ல தமிழ்ல எழுதிப் பார்த்துட்டு அகலத்தை முடிவு பண்ணுங்க. தமிழ் பொருந்துச்சுன்னா பெரும்பாலும் இங்கிலீஷ் தானாப் பொருந்திடும்.

3. போன்ல கீழ.

ஸ்டீவன் ஹூபர்ங்கறவர் 2013-ல ஒரு வேலை பண்ணினார். தெரு, பஸ் நிறுத்தம், ரயில்னு பொது இடங்கள்ல ஜனங்க போனை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு 1,333 தடவை கவனிச்சுக் குறிச்சார். அதுல திரையைத் தொட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல 49 சதவீதம் பேர் ஒத்தைக் கையால. இன்னொரு கை? நம்ம ஊர்ல கேக்கணுமா, பஸ் கம்பியில. அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்து பூந்தமல்லி போற பஸ்ல சாயங்காலம் ஆறரைக்கு நின்னுக்கிட்டு, மேல இடது மூலையில இருக்கிற மூணு கோட்டைக் கட்டை விரலால தொட்டுப் பாருங்க. தொடறதுக்குள்ள போன் கீழ விழும். ஹூபர் கணக்கெடுத்த காலத்தை விட இப்ப போன் இன்னும் பெருசு வேற. 2021-ல ஆப்பிளே சஃபாரியோட முகவரிப் பட்டையைக் கீழ இறக்கிடுச்சு. கத்தினவங்களுக்காக, வேணும்னா மேலயே வச்சுக்கலாம்னு வசதியும் குடுத்துச்சு.

அதனால முக்கியமான நாலு விஷயம் கீழ, அஞ்சாவதா 'மேலும்'. மேல சொன்ன 86 சதவீதத்துக்கான வழி இதுதான். எதையும் ஒளிக்கல, ஆனா எல்லாத்தையும் கொட்டவும் இல்ல. எந்த நாலுங்கறதுலதான் உங்க மூளை வேலை செய்யணும். கம்பெனி வரலாறும் நிர்வாக இயக்குநர் போட்டோவும் அந்த நாலுல வரக்கூடாது. ஜனங்க எதுக்காக வர்றாங்களோ அதுதான் வரணும். ரெண்டு எச்சரிக்கை. இப்ப போன் அடிவிளிம்புல சைகைப் பட்டை இருக்கு, அதோட இடிக்காம கொஞ்சம் இடைவெளி விடணும். அப்புறம், மேல ஒட்டிக்கிட்ட பட்டை, கீழ ஒட்டிக்கிட்ட மெனு, அதுக்கும் மேல ஒட்டிக்கிட்ட விளம்பரம்னு போட்டா நடுவுல படிக்கிறதுக்குத் தீப்பெட்டி அளவு இடம்தான் மிஞ்சும்.

4. படத்தோட சொல்லும் வேணும்.

மூணு கோடோ, பல்சக்கரமோ, மூணு புள்ளியோ, பக்கத்துல ஒரு வார்த்தை போடுங்க. 'மெனு'ன்னே போடலாம். நம்ம தமிழார்வலர்கள் மெனுவுக்குப் 'பட்டி'ன்னும், மெனு பாருக்குப் 'பட்டிப்பட்டை'ன்னும் மென்பொருட்கள்ல மொழிபெயர்த்து வச்சிருக்காங்க. தப்பில்ல. ஆனா எங்கப்பாவுக்குப் பட்டின்னா ஆட்டை அடைக்கிற இடம், என் பாலக்காட்டு நண்பனுக்கு நாய். (தமிழார்வலர்கள் அடிக்க வராதீங்க. 'பட்டியல்'னு போட்டா எனக்கு முழுச் சம்மதம்.) தொடற இடம் விரல் அளவுக்கு இருக்கணும். 2023-ல வந்த டபிள்யூசிஏஜி 2.2, குறைஞ்சது 24-க்கு 24 பிக்சல்ங்குது. லேத் பிடிச்சுக் காய்ச்சுப் போன விரலுக்கு அது கூடப் பத்தாது, தாராளமா விடுங்க.

கண்ணு தெரியாதவங்களையும் மறக்காதீங்க. திரைவாசிப்பான் பக்கத்தை மேல இருந்து வரிசையாப் படிக்கும். ஒவ்வொரு பக்கத்துலயும் நாப்பது மெனு இணைப்பைக் கேட்டு முடிச்சாத்தான் விஷயம்னா எவ்வளவு கொடுமை! முதல் இணைப்பா 'உள்ளடக்கத்துக்குச் செல்க'ன்னு ஒண்ணு வச்சாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை.

5. மொழியை எங்கயும் ஒளிக்காதீங்க.

இதுக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவே. மொழி மாத்தற வசதி மேல வலது மூலையில, எல்லாப் பக்கத்துலயும், எந்த மெனுவுக்குள்ளயும் போகாம வெளியில இருக்கணும். அதுவும் 'தமிழ்'னு தமிழ் எழுத்துல. இங்கிலீஷ் எழுத்துல எழுதி வைக்கிறதுல ஒரு அபத்தம் இருக்கு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாததாலதானே அவர் தமிழைத் தேடறார்? அந்தக் கதவுக்கு இங்கிலீஷ்ல பேர் எழுதி வச்சா? பூட்டின பெட்டிக்குள்ளயே சாவியை வச்ச மாதிரி. அதே மாதிரி, தமிழைத் தொட்டா அதே பக்கத்தோட தமிழுக்குப் போகணும். முகப்புக்குத் தூக்கி அடிக்கக் கூடாது.

"எல்லாத்தையும் வெளியில வச்சா குப்பையா இருக்காதா?"ன்னு கேப்பீங்க. கேள்வி நியாயம்தான். போன் திரை சின்னது, ஒரு தளத்துல அறுபது பக்கம் இருக்கும். அறுபதையும் வெளியில வைன்னு நான் சொல்லல. எது உள்ள போகலாம்னு முடிவு பண்ண, க்ளிக் கணக்கு மட்டும் அளவுகோல் ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன். இன்னொரு கேள்வியும் கேளுங்க: இது உள்ள போனா யாரு வெளியில நிப்பாங்க? 'நிறுவன விருதுகள்' உள்ள போனா ஒருத்தரும் வெளியில நிக்க மாட்டாங்க. 'தமிழ்' உள்ள போனா எங்கப்பா நிப்பார்.

கடைசியா, நம்ம வலைப்பதிவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது லீவுல சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டர்லதான் நான் தமிழ்ப் பதிவுகள் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு பதிவைப் படிச்சிட்டு வலது பட்டையைப் பார்ப்பேன். வருஷ வாரியா காப்பகம், குறிச்சொற்கள், அதுக்குக் கீழ 'நான் படிக்கும் பதிவுகள்'. அதைப் பிடிச்சு இன்னொருத்தர் வீடு, அங்கிருந்து இன்னொருத்தர். ராத்திரி ரெண்டு மணி ஆயிடும். யாரும் எனக்குப் பரிந்துரைக்கல. அந்த வலது பட்டைதான் என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போச்சு. நான் எழுத வந்ததே அதாலதான்.

இப்ப உங்க பதிவை போன்ல திறந்து பாருங்க. ப்ளாகரோட எளிய கைபேசித் தோற்றம்னா அந்தப் பட்டையே இருக்காது. கீழ 'முகப்பு', 'வலையில் காட்டு'ன்னு ரெண்டு சின்ன இணைப்பு, அவ்வளவுதான். 2017-ல வந்த புது வார்ப்புருக்கள்னா அது மூணு கோட்டுக்குள்ள இருக்கும். பத்து வருஷ உழைப்பு, ஐநூறு பதிவு, வாசகனுக்குத் தெரியறது ஒண்ணே ஒண்ணு. படிச்சு முடிச்சதும் முட்டுச்சந்து. அப்புறம் "இப்பல்லாம் யாரு பதிவு படிக்கிறா"ன்னு நாமளே புலம்பறோம். எங்க மேனேஜர் லாஜிக் நமக்கும் தொத்திக்கிச்சு!

செய்யக்கூடியது சுலபம். ஒவ்வொரு பதிவோட அடியிலயும், வாசகன் விரல் வந்து நிக்கிற இடத்துல, இது சம்பந்தமான உங்க பழைய பதிவுகள் ரெண்டு, உங்களுக்குப் பிடிச்ச இன்னொருத்தர் பதிவு ஒண்ணுன்னு கையாலயே இணைப்புக் குடுங்க. விட்ஜெட் வேணாம், சும்மா மூணு வரி. நான் இந்த வாரத்துல இருந்து பழைய பதிவுகளுக்கும் போட ஆரம்பிச்சிருக்கேன்.

ஆபீஸ் கதை என்னாச்சுன்னு கேப்பீங்க. அடுத்த மீட்டிங்ல புள்ளிவிவரம் எதுவும் எடுத்துக்கிட்டுப் போகல. மேனேஜர்கிட்ட போனைக் குடுத்து, "சார், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர் மாதிரி நினைச்சுக்கிட்டு தமிழைக் கண்டுபிடிங்க"ன்னேன். ரெண்டு நிமிஷம் தடவிட்டு, "சரி, பழைய இடத்துலயே வை, மூணு மாசம் பார்ப்போம்"ன்னார். தமிழ்ப் பதிப்பை மூடற பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு. மூணு மாசம் கழிச்சு அதே க்ளிக் கணக்கைத்தான் பார்ப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பயமாத்தான் இருக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் அப்பா போன்ல திறந்து காட்டினேன். பார்த்தார். "ம்... வந்துடுச்சு"ன்னார். அவ்வளவுதான். யார் எடுத்தாங்க, யார் திரும்ப வச்சாங்கன்னு கேக்கல. நானும் சொல்லல. இங்க எழுதிட்டேன், இதைத் தமிழ்லதான் எழுதியிருக்கேன், என்னைக்காவது படிச்சுடுவார்.

உங்க வீட்டுப் பெரியவங்க எந்தத் தளத்துல, எந்த இடத்துல முட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. 'இடது பட்டை பழைய காலம்'னு திட்டறவங்களும் வரலாம், கும்மி அடிக்க இடம் இருக்கு.

பி.கு.: என் பதிவுலயே போன்ல மூணு கோடுதானேன்னு யாராவது கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஆமா. இந்த ஞாயித்துக்கிழமை அதுக்குத்தான். :-)